முதல் சர்வீஸ் வரைக்கும்

என்னங்க,

புது ஸ்கூட்டர் வந்துவிட்டது. டாக்குரியா லேக்கைச் சுற்றித் தினமும் ஓட்டிப் பழகுகிறேன்.

“ஆஸ்தே, பௌதி, ஆஸ்தே!” என்று அண்ணி முறை வைத்து மெக்கானிக் கத்துகிறார். மெதுவாகத்தான் போகணுமாம். புது இன்ஜினை முறுக்கக் கூடாதாம். சூடேறினால் நிறுத்தி ஆறவிடணுமாம். அதற்காக ஓட்டாமல் மூலையில் போட்டாலும் கெட்டுவிடுமாம்.

நேற்று வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினீர்கள். பொருத்திய புதுக் கால் உறுத்துகிறது, கழற்றி மூலையில் வைத்துவிட்டேன் என்றீர்கள். அதற்கு என் பதிலாக மெக்கானிக் சொன்னதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

முதல் சர்வீஸ் வரை பின்னால் யாரையும் ஏற்றக் கூடாதாம். அதற்குள் நீங்களும் நடந்து பழகிவிடுங்கள். ஹவுரா ஸ்டேஷனுக்கு நானே வண்டியோடு வருகிறேன்.

பின்னால் உட்காருவது கௌரவக் குறைச்சல் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
இத்தனை வருஷமும் உங்கள் பின்னால் உட்கார்ந்து வந்தவள்