எல்லாம் இடது கை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் பிள்ளைகள் இருவரும் சுகம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று முழிப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அறையில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து கேட்கிறார்கள். அது போதாதென்று, நான் முக்கியமாக எதையாவது ஆரம்பித்தால் “சரி சரி, பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?” என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். காகிதத்திடம் அந்த வேலை பலிக்காது. லீவு முடிந்து திரும்புகிற உங்கள் வெல்டர் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் வழியில் பிரித்துப் படிக்கக் கூடாதென்று உறையின் நாலு பக்கமும் மெஷினில் ஒரு தையல் ஓட்டிவிட்டேன். பல்லால் இழுக்காதீர்கள், பிளேடு வைத்துப் பிரியுங்கள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கம்பெனியில் காகிதம் கொடுத்திருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று போன வாரம் சொன்னீர்கள். நான் “உங்க இஷ்டம்” என்றேன். அது சுத்தப் பொய். இதைக் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் பேனாவைத் தொட்டீர்களோ, அப்புறம் நான் மனுஷியாக இருக்க மாட்டேன்.

உங்கள் பட்டறையில் வேலை படுத்து, என் பாக்டரியும் கதவை மூடிய பிறகுதானே நீங்கள் விமானம் ஏறினீர்கள். நீங்கள் போன கையோடு வாசலில் ‘இங்கே துணி தைத்துத் தரப்படும்’ என்று பலகை மாட்டினேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன். வருடக்கணக்காக நான் பாக்டரியில் தைத்தது காலர் மட்டும்தானே! முழுச் சட்டை ஒன்றுகூட என் கையால் முடித்ததில்லை. எதிர் வீட்டு டிரைவர் அண்ணன்தான் முதலில் மாட்டினார். காலர் கத்தி மாதிரி நின்றது. அதற்குக் கீழே தொங்கியதை என்னவென்று சொல்ல? பாவம் மனிதர், “பரவாயில்லம்மா, மேல ஸ்வெட்டர் போட்டுக்கறேன்” என்று வாங்கிப் போனார். அந்த வெயிலில்!

பிறகுதான் புத்தி வந்தது. எங்கள் லைனில் கை பொருத்துகிற கை அக்காவையும், பொத்தானும் காஜாவும் போட்டுப் போட்டுப் பட்டன் என்றே பெயராகிவிட்டவளையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவர்களும் வேலை போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்தான். முன் அறையில் மூன்று மெஷினை வரிசையாகப் போட்டோம். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் மேஜைக்கு அடியில் தவழ்ந்துதான் போக வேண்டும். ஆளுக்கு ஒரு துண்டு தெரிந்த நாங்கள் சேர்ந்து ஒரு முழுத் தையல்காரராக ஆனோம். சண்டைக்கும் குறைவில்லை. கை அக்காவும் பட்டனும் பழைய பாட்டா புதுப் பாட்டா என்று ரேடியோவுக்கு அடித்துக்கொள்வார்கள். நான் நடுவில் பஞ்சாயத்து.

இரண்டு மாதம் முன்னால் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பெரிய ரோட்டில் ஓட்டல் திறக்கப்போகிறவர் தேடிக்கொண்டு வந்தார். பரிமாறுகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு முழுக்கைச் சட்டை, இடுப்பில் கட்ட ஒரு ஏப்ரன். எல்லாம் ஒரே சாம்பல் நிறத் துணி, வெளிப்பக்கம் பளபளப்பு, உள்பக்கம் மங்கல். துணியை அவரே அளந்து கொடுத்தார், ஒரு ஜாண் கூடுதல் இல்லை. “இது சரியா வந்தா என்னோட மத்த ரெண்டு ஓட்டல் வேலையும் உங்களுக்குத்தான். வரலேன்னா துணிக்கு நீங்கதான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் ஒப்பந்தம் முடியப்போவதுதான் எனக்கு அப்போதே நினைவுக்கு வந்தது. இது மட்டும் நிலைத்துவிட்டால் உங்களைக் கூப்பிட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுவிட்டேன்.

இனி கோபப்படாமல் படியுங்கள். மாதிரிக்கு உங்கள் நீலச் சட்டையைப் பிரித்தேன். ஆமாம், அதுவேதான். முன்பக்கம் இரண்டும் வேறு வேறாக இருக்கும் என்று தெரியும். இரண்டையும் பிரித்து அட்டையில் வரைந்தோம். ஆனால் கை? கை கைதானே, எதற்கு இரண்டையும் பிரிப்பது என்று ஒன்றை மட்டும் பிரித்து, அதே அட்டையை வைத்து எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினோம். பாக்டரியில் எங்களுக்கு வெட்டின துணி கட்டுக் கட்டாக வந்து சேரும். வெட்டும் அறைப்பக்கம் நாங்கள் தலைவைத்துப் படுத்ததுகூட இல்லை.

கை அக்கா முதல் சட்டைக்கு இடது கையைப் பொருத்தினாள், அருமை. வலது கையைப் பொருத்தினாள், அது முறைத்துக்கொண்டு நின்றது. கையின் பின்பக்கம் வரவேண்டிய மணிக்கட்டுத் திறப்பு முன்னால் வந்து இளித்தது. இன்னொன்று எடுத்தாள், அதுவும் அப்படியே. கட்டு முழுக்க எடுத்துப் பார்த்துவிட்டு, “ஏன்டி, எல்லாம் இடது கைடி!” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். திருப்பிப் போட்டால் மங்கல் பக்கம் வெளியே வருகிறது. மீதி இருந்தது ஏப்ரனுக்கான துணி மட்டும். பட்டன் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளை அடிக்கப் போய், நானும் சிரித்து, அப்புறம் மூன்று பேருமாக அழுதோம்.

வேறு வழியில்லாமல் எங்கள் பழைய கட்டிங் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். சிடுமூஞ்சி என்று நாங்கள் எல்லோரும் கரித்துக்கொட்டிய அதே மனிதர்தான். அவர் மனைவி வாசலிலேயே, “அவர் யாரையும் பாக்கறதில்லம்மா. பாக்டரி மூடினதுலேர்ந்து சுவரப் பாத்துப் படுத்திருக்கார்” என்றார். நான் உள்ளே எட்டிப் பார்த்து, “மாஸ்டர், எல்லாம் இடது கையா வெட்டிட்டோம்” என்றேன், அவ்வளவுதான். மனிதர் மெதுவாகத் திரும்பினார். “எல்லாமேவா?” என்று கேட்டார். எல்லாமே என்றேன். அப்புறம் கட்டில் குலுங்கக் குலுங்க ஒரு சிரிப்பு. அதைக் கேட்டு அந்த அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

செருப்பைக்கூட மாட்டாமல் கத்திரிக்கோலோடு கூடவே வந்துவிட்டார். வந்தவர் துணியைச் சுற்றிச் சுற்றி வந்தார், எங்களைத் திட்டுவதற்கும் நேரம் ஒதுக்கிக்கொண்டார். பிறகு ஏப்ரன் துணியை எடுத்து, ஒரு ஏப்ரனுக்கு உள்ளதில் இரண்டு வலது கை வெட்டினார். வேண்டாத இடது கைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, நடுவில் அழுத்தமாக ஒரு தையல் போட்டு, ஓரத்தைச் சதுரமாக்கச் சொன்னார். அதுதான் ஏப்ரன். ஆளுக்கு இரண்டு சட்டை, ஒரு ஏப்ரன் இல்லையா? கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது.

ஓட்டல்காரரிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் ஒரு ஏப்ரனை எடுத்து நடுத்தையலைப் பிடித்து இழு இழு என்று இழுத்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. “பிரியலையே” என்றார். “எங்க தையல் பிரியாதுங்க, எங்களுக்கு வெட்டத்தான் தெரியாது. இப்ப அதுக்கும் ஆள் வந்தாச்சு” என்றேன். சிரித்துவிட்டார். மற்ற இரண்டு ஓட்டல் வேலையும் நேற்று வந்து சேர்ந்தது. மாஸ்டர் தினமும் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, ஏன் லேட் என்று அதிகாரம் செய்கிறார். யார் வீடு, யார் அதிகாரம் பாருங்கள்!

பெரியவளுக்குக் கணக்கு இப்போது பரவாயில்லை. சின்னவனுக்கு முன்பல் விழுந்து, பேச்சோடு காற்றும் வருகிறது. கூரையில் ஒழுகிய இடத்தை நானே ஏறி அடைத்தேன். பயப்படாதீர்கள், ஏணியைக் கை அக்கா பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் செல்வம் கொட்டுகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். சில மாதம் இழுத்துப் பிடித்துத்தான் ஓடும். நீங்கள் வந்தால் உங்களுக்கும் உடனே வேலை கிடைக்கும் என்று உறுதி கிடையாது. ஆனால் அடுப்பு எரியும், பிள்ளைகள் படிப்பார்கள். அதற்கு நான் பொறுப்பு.

இத்தனை நாளில் நான் ஒரு தடவைகூட உங்களை வரச் சொன்னதில்லை, கவனித்தீர்களா? எத்தனை முறை “வந்துரட்டுமா?” என்று கேட்டீர்கள். ஒவ்வொரு முறையும் “இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீங்க அங்கேயே இருங்க” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். உங்கள் மேல் ஆசை இல்லாமலா? கூப்பிட்டால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பீர்கள், வந்தால் சோற்றுக்கு என்ன செய்வது என்ற பயம். இப்போது அந்தப் பயம் போய்விட்டது. அதனால் முதல் தடவையாகக் கூப்பிடுகிறேன்.

வந்துவிடுங்கள்.

உங்கள் வரவை எண்ணி வாசலைப் பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி