என் மூக்கைப் பிடித்து இழுக்கும் ஜன்னல்

அன்புள்ள படுபாவி சிவராசு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் கம்ப்யூட்டர் உண்டா என்று தெரியவில்லை. உண்டு என்றால் அங்கேயும் எவனோ ஓர் அப்பாவியின் போட்டோவை வைத்து வேலை காட்டிக்கொண்டிருப்பாய். அவனுக்கு என் அனுதாபத்தைச் சொல்.

ஸ்டுடியோவில் போடுகிற உன் நினைவு மலருக்கு உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தேன். திட்டத்தான் வருகிறது. மாமன் மச்சானுக்குள் வேறெதுவும் வந்தால்தான் சந்தேகப்படவேண்டும், இல்லையா?

உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். மைசூரில் நம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, வெளிநாட்டுக் குழந்தைகள் டி.வி.யில் பார்க்கிற ஒரு கார்ட்டூன் கரடியை நாம் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் கரடி ஒரு புருவத்தைத் தூக்கவேண்டுமானால், சாஃப்ட்வேரில் நீளமான ஒரு பட்டியலைத் திறந்து, புருவம் எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று தேடி, அதில் ஓர் எண்ணைத் தட்டவேண்டும். கரடி கண்ணடிப்பதற்குள் நமக்குக் காபி ஆறிவிடும். நீதான் அந்த சாஃப்ட்வேருக்குள்ளேயே சொந்தமாக ஒரு ஜன்னலைக் கட்டினாய். அதில் பட்டியல் இல்லை, எண் இல்லை. ஒரு முகத்தின் படம் மட்டும். படத்தின் புருவத்தை மவுஸால் பிடித்துத் தூக்கினால் கரடியும் புருவத்தைத் தூக்கும்.

நல்ல யோசனை. ஆனால் கரடிக்குக் கரடி முகத்தையல்லவா வைக்கவேண்டும்? நீ வைத்தது என் முகத்தை. பஸ் பாஸுக்கு நான் எடுத்த போட்டோவை!

“கரடி படம் இன்னும் வரலைங்க மாமா. அதுவரைக்கும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒண்ணு வேணுமில்லைங்களா?” என்றாய். ஸ்டுடியோ முழுக்கச் சிரித்தது.

அன்றிலிருந்து என் காதைத் திருகினால் கரடி தலையைத் திருப்பும். மூக்கைப் பிடித்து இழுத்தால் மோப்பம் பிடிக்கும். மீசையின் இரண்டு நுனிகளும் கரடி வாயின் இரண்டு ஓரங்கள். தப்பாகிப்போனால் என் வழுக்கையில் ஒரு தட்டு. எல்லாம் முதல் நிலைக்குத் திரும்பிவிடும். நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள்கூட நாள் முழுக்க என் மண்டையில் தட்டினார்கள். எடுத்துவிடு என்று நான் கேட்கும்போதெல்லாம், “அடுத்த வெர்ஷன்ல எடுத்தர்றனுங் மாமா” என்பாய்.

அடுத்த வெர்ஷன் எங்கேடா?

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருக்கிறது. நீ அவற்றுக்கு முன்னால் படுத்துவிட்டாய். மழையில் ஸ்கூட்டர், ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பாலம், எதிரே லாரி. ஹெல்மெட் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. போட்டால் முடி கலைந்துவிடுமாம். இப்போது கலையவில்லையா?

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாதேஸ்வரன் சாமியிடம் வேண்டிக்கொண்டேன். நீ பிழைத்தால் மலைக்கு வந்து மீசையை எடுத்துவிடுகிறேன் என்று. அது எனக்கு லேசான விஷயமா? முகவாதம் வந்து போனதில் என் இடது வாயோரம் கொஞ்சம் இறங்கியே நின்றுவிட்டது. அதை மறைக்கத்தான் அந்த மீசையே. அதையும் தருகிறேன் என்றேன். நீ பிழைக்கவில்லை. மீசை இருக்கிறது. மாதேஸ்வரனோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

உன் அக்கா உன் போட்டோ எதையும் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஆனால் சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போது ஒரு கேள்வி மட்டும் கேட்பாள்: “ஏனுங், அவன் போட்டது இன்னும் ஓடுதுங்களா?” ஓடுது, என் மூக்கைத்தான் இழுக்கறாங்க என்பேன். தலையை ஆட்டிவிட்டுக் காபி போடப் போவாள். எங்கள் வீட்டில் உன்னைப் பற்றிய பேச்சு அவ்வளவுதான். அந்த ஒரு பதில் இல்லாமல் அவளுக்கு ராத்திரி சோறு இறங்காது.

இப்படி இருக்கையில்தான் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆள் வரப்போவதாகத் தகவல் வந்தது. முதலாளி ஜன்னலை அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். “ஏன்ரீ இது, தமாஷேனா? மொதலு தெகஸ்ரி” என்று கன்னடத்தில் கத்தினார். என் முகம் ஸ்டுடியோவின் மானத்தை வாங்குகிறதாம், உடனே எடுக்கவேண்டுமாம். எடுப்பதற்குப் பெங்களூரிலிருந்து ஒருவனைக் கூட்டிவந்தார். அவனுக்குத் தெரியாததே கிடையாது. நமக்கு அதை அவனே சொல்லிவிடுவான். அவன் கட்டிய ஜன்னல் சாம்பல் நிறம். மேலிருந்து கீழ்வரை கோடுகள், ஒவ்வொன்றிலும் நகரும் ஒரு பொத்தான், பக்கத்தில் இங்கிலீஷில் சுருக்கிய பெயர். பார்த்தால் ஆஸ்பத்திரிக் கதவு மாதிரி இருந்தது.

எத்தனை தடவை எடு எடு என்று உன்னிடம் கேட்டிருப்பேன்? எடுத்த அன்றைக்கு எனக்கு ஏன் அந்தப் பெங்களூர்க்காரனின் காதைத் திருகத் தோன்றியது?

அன்று சாயங்காலம் உன் அக்கா கேட்டாள். “இன்னைக்குக் கரண்ட் இல்லை” என்றேன். மறுநாளும் கரண்ட் இல்லை. அதற்கு மறுநாளும். எங்கள் வீட்டு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுக் காபி போடப் போனாள்.

அந்த வாரம் அனுப்பிய காட்சிகளுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு வரிப் பதில் வந்தது. கரடிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டிருந்தார்கள். முதலாளி பெங்களூர்க்காரனைப் பார்த்தார், அவன் எங்களைப் பார்த்தான். நம்மோடு கரடி ஆட்டும் மஞ்சுளாதான், “ஸ்வல்ப நோடி சார், கொஞ்சம் பாருங்க, கரடி செத்த மாதிரி சிரிக்குது” என்று சொல்லி, தன் கம்ப்யூட்டரில் அழிக்காமல் வைத்திருந்த பழைய ஜன்னலைத் திறந்து என் வழுக்கையில் ஒரு தட்டு தட்டினாள்.

கரடியின் வாய் இடதுபக்கம் மெல்ல இறங்கி நின்றது. உடனே அதற்கு உயிர் வந்துவிட்டது.

எல்லோரும் கரடியைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

அட கிறுக்கா, போட்டோவில் என் மீசை நுனி எங்கே இருந்ததோ அதையே நீ முதல் நிலையாக வைத்துவிட்டாய். கோணலைக் கழிக்க மறந்துவிட்டாய். நான் மீசை வளர்த்து மறைத்த கோணல் வாயால்தான் இத்தனை நாளும் அந்தக் கரடி அயல்தேசத்துக் குழந்தைகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. மறந்தாயா, வேண்டுமென்றே செய்தாயா? பதில் சொல்லவேண்டியவன் ஓடிப்போய்விட்டான்.

ஜன்னல் திரும்ப வந்தது, முதலாளி முணுமுணுக்க. வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வந்த அம்மாள் அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். என் மூக்கை இழுத்தார், காதைத் திருகினார், விழுந்து விழுந்து சிரித்தார். யாருடைய யோசனை என்று கேட்டார். முதலாளி நெஞ்சில் கையை வைத்து, “நம்முடைய கான்செப்ட் மேடம்” என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்த இங்கிலீஷ் வந்ததோ. “கான்செப்ட் இல்லை மேடம். என் பெண்டாட்டியின் தம்பி. செத்துப்போய்விட்டான்” என்றேன். அந்த அம்மாள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். முதலாளி ஒரு சிரிப்புச் சிரித்தார் பார், வாய் ஒருபக்கம் இறங்கி, அச்சு அசல் உன் கரடி. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. எனக்கு அது லாபம்தான்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றினேன். உன் அக்கா கேட்பதற்கு முன்னாலேயே, “ஓடுது. இன்னைக்கு வெள்ளைக்காரியே வந்து என் மூக்கை இழுத்தா” என்றேன்.

“அப்படின்னா கரண்டு வந்திருச்சுங்களா?” என்றாள்.

எல்லாம் தெரிந்திருக்கிறது அவளுக்கு. அக்காளும் தம்பியும் சேர்ந்து என்னை வைத்து விளையாடியிருக்கிறீர்கள்.

உன்னை மன்னிக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். இந்த மீசையை எடுக்கமாட்டேன். என்றைக்காவது புது சாஃப்ட்வேர் வரும், உன் ஜன்னல் அதில் திறக்காது என்று பெங்களூர்க்காரன் பயமுறுத்துகிறான். வரட்டும். அன்று சாயங்காலம் கரண்ட் இல்லை என்று சொல்லமாட்டேன். நேரே வீட்டுக்குப் போய் உன் அக்கா முன்னால் உட்கார்ந்து, அசல் மூக்கையே நீட்டுகிறேன். அவளே இழுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அக்காளைக் கட்டிய ஒரே குற்றத்துக்காக ஊராரிடம் மண்டையில் தட்டு வாங்கும்,
உன் மாமன்