தண்ணீர் ஜாடியில் ஆண் பாளை

மார்ச் 22
காலை பஸ்ஸில் ஒரு போலந்துப் பெண் வந்து இறங்கினாள். பெயர் ஹன்கா. ஆளைவிட மூட்டை பெரிது. பயணிகளுக்கு விடும் மேற்கு அறையைக் கொடுத்தேன். இரண்டு நாள்தான் என்றாள். எங்கள் நெஃப்தா பாலைவனச் சோலைக்கு வந்து இரண்டு நாளில் கிளம்பியவர்கள் யார்?

தோட்டத்தில் முதல் பாளை வெடித்திருக்கிறது. பார்த்தும் பார்க்காததுபோல் வந்துவிட்டேன்.

மார்ச் 24
என் நீலச் சால்வை அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். விருந்தாளி வாயிலிருந்து வந்த பிறகு தோளில் வைத்துக்கொள்ள முடியுமா? கழற்றிக் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று பதறினாள். நேற்று இப்படித்தான் மரக்கரண்டி போனது.

"எதையும் நல்லா இருக்குன்னு வாய்விட்டுச் சொல்லாதேம்மா, அப்புறம் உன் மூட்டையை ஒட்டகம்தான் தூக்கணும்" என்றார் லஸ்ஹர். என் கணவருக்கு எல்லாமே சிரிப்புதான்.

மார்ச் 26
இருபத்திரண்டு பெண் பேரீச்சை மரத்திலும் பாளை வெடித்தாகிவிட்டது. எங்கள் ஒரே ஆண் மரம் குளிர்காலப் புயலில் சாய்ந்துபோனது. இன்னும் நாலைந்து நாளில் ஆண் பூ வைத்துக் கட்டாவிட்டால் காயெல்லாம் கொட்டையில்லாமல் சூம்பிப்போகும். ஒரு வருஷ வெள்ளாமை போச்சு.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தம்பி தீஜானியின் தோட்டம். அங்கே ஐந்து ஆண் மரம், வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. அவனோடு பதினான்கு மாதமாகப் பேச்சில்லை. அவன் மகள் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் முன்னால், கூஸ்கூஸில் உப்பு குறைவு என்றேன். குறைவுதான். "உன் நாக்குல இருக்கறதே போதும் அக்கா, தொட்டுக்கிட்டுச் சாப்பிடு" என்றான். பந்தியே சிரித்தது.

சந்தையில் பூ வாங்கலாம் என்கிறார் லஸ்ஹர். வாங்கலாம். கூடப் பிறந்தவன் தோட்டம் பக்கத்தில் இருக்க, மப்ரூகா காசு கொடுத்து வாங்குகிறாள் என்று மதியத்துக்குள் ஊர் பேசும். வேறு யாரிடம் கேட்டாலும் அதே பேச்சுதான். அவனிடமே கேட்பதா — நானா?

மார்ச் 27
கேட்கமாட்டேன்.

மார்ச் 28
இதை எப்படி எழுதுவது. காலையில் மேசைமேல் என் பெரிய தண்ணீர் ஜாடி. அதில் ஏழு ஆண் பாளை, நன்றாக விரிந்து, மாவு வாசனையோடு. பக்கத்தில் ஹன்கா, பெருமையாகச் சிரித்துக்கொண்டு.

வாய்க்கால் ஓரமாக நடக்கப் போனாளாம். ஒருவர் மரத்திலிருந்து பூ வெட்டிக்கொண்டிருந்தாராம். அழகா இருக்கு என்றாளாம். ஒன்றைக் கொடுத்தாராம். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டாராம். சொன்னதும், மறுபடியும் மரம் ஏறினாராம்.

ஈரம் பட்டால் பூந்தூள் வீண். பாய்ந்து எடுத்தேன். நல்லவேளை, காம்புதான் நனைந்திருந்தது. நிழலில் பாய் விரித்துப் பரப்பினேன். பரப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தீஜானி கொடுத்தது அவளுக்கு. இதை நான் எப்படித் தொடுவது?

"கட்டிடலாம் மப்ரூகா. யார் வீட்டுப் பூன்னு மரத்துக்குத் தெரியவா போகுது" என்றார் லஸ்ஹர். மரத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே.

ஹன்கா என் முகத்தையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த அரபு நாற்பது வார்த்தை, மிச்சமெல்லாம் கையசைப்பு. "மதாம், பூ உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"அழகா இருக்கு" என்றேன், வேறென்ன சொல்ல.

ஏழையும் அள்ளி என் மடியில் வைத்துவிட்டாள். வேண்டாம் என்றேன். "வாய்விட்டுச் சொல்லிட்டீங்களே, மதாம்" என்றாள், நான் சால்வையைக் கொடுத்த அதே கண்டிப்போடு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 29
லஸ்ஹர் மரம் ஏறினார். ஹன்கா கீழே நின்று பூவைச் சரம் சரமாகப் பிரித்துக் கொடுத்தாள், தலையெல்லாம் மாவு. பதின்மூன்று மரம் முடிந்தது. ஒன்பது மிச்சம், பூ தீர்ந்துவிட்டது. "நான் மறுபடி போய் அழகா இருக்குன்னு சொல்லட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். அவன் எதற்காக இரண்டாம் தடவை ஏறினான் என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 30
வாய்க்காலைத் தாண்டிப் போனேன். தீஜானி மரத்தின் மேல் இருந்தான். நல்லதாய்ப் போயிற்று, முகம் பார்க்க வேண்டியதில்லை.

"பாளை நல்லா இருக்கு, தீஜானி."

மேலே அரிவாள் சத்தம் நின்றது.

"கூஸ்கூஸ்ல உப்பு எப்படி இருந்துச்சு, அக்கா?"

பாவி.

"சரியா இருந்துச்சு" என்றேன். பொய்.

"தள்ளி நில்லு. தலையில விழுந்துடப் போகுது."

ஆறு பாளை போட்டான். ஒன்பது மரத்துக்கும் போதும். அந்த உச்சியிலிருந்து எங்கள் தோட்டம் முழுக்கத் தெரியும்.

ஏப்ரல் 2
ஹன்கா கிளம்பினாள். மூட்டையில் இடமில்லை என்று மரக்கரண்டியைத் திருப்பித் தரப் பார்த்தாள். அடிப்பேன் என்றேன். அவளுடைய தொப்பி நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். பாலைவன வெயிலில் அவளுக்கு வேண்டும்.

அறையைப் பெருக்கினேன். கட்டிலடியில் இன்னும் பூ மாவு.

நவம்பர் 8
அறுவடை முடிந்தது. குலைகளைப் படம் எடுத்து ஹன்காவுக்கு அனுப்பினேன். 'அழகா இருக்கு' என்று எழுதுகிறாள், திருட்டுக் கழுதை. ஒரு பெட்டி அனுப்ப வேண்டும்.

இன்று தீஜானி குடும்பத்தோடும் சம்பந்தி வீட்டாரோடும் சாப்பிட வந்தான். கூஸ்கூஸ். முதல் வாய் போட்டான், மென்றான், எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"உப்பு குறைவு, அக்கா."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். குறைவுதான். காலையில் அளந்துதான் குறைத்துப் போட்டேன்.