மச்சு

புதன்கிழமை இரவு.

வைத்தியநாதன் ஆகிய நான், இன்று மாநகராட்சிக் கூட்டத்தில் செய்த பிழையை மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

தாராவி அடுக்குமாடிக் குடியிருப்புத் திட்டத்தைப் பற்றி மக்கள் தமிழில் சொன்னதை மராத்தியில் மொழிபெயர்த்தேன். செல்லம்மாள் என்ற பெண், "நமக்கு இருக்கது மச்சு மட்டுந்தான்" என்றார். எங்கள் மாட்டுங்கா வீட்டில் மச்சு என்றால் சாமான் போடும் பரண். அப்படியே சொன்னேன். பரணுக்கு மாற்றுவீடு கிடையாது என்று அதிகாரிகள் பயனாளிகள் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். மராத்தி தெரியாததால் அவருக்கு அது புரியவில்லை.

வாசலில், "ரொம்ப நன்றி அண்ணாச்சி. ஒருநா நம்ம மச்சுக்கு வாங்க. புள்ளைகளோட அங்கனதான் கெடக்கோம். ஏணியில குனிஞ்சு ஏறணும், தல இடிச்சா நான் பொறுப்பில்ல" என்று சிரித்தார்.

அவர் மச்சு என்றது குடியிருக்கும் மாடியறையை என்று அப்போதுதான் விளங்கியது. உள்ளே கூட்டம் முடிந்திருக்கவில்லை. என் மராத்தியைப் பாராட்டிய கூட்டத் தலைவர்முன் தவறை ஒப்புக்கொள்ள மனம் வராமல், "வருகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நாளை அந்தப் பட்டியல் மீது நடக்கும் வாக்கெடுப்புக்கு முன் எழுந்து, பிழை என்னுடையது என்று மராத்தியில் சொல்வேன். பிறகு செல்லம்மாளிடம் அதையே தமிழில் சொல்வேன்.