ஒட்டுக்குக் கீழே வந்த துளிர்

எருக்கலம்பிட்டி
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் றிஸ்மினாவுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் காவலில் நீ வியட்நாமில் கோப்பித் தோட்ட வேலையில் சுகமாக இருப்பாய், இங்கே வாப்பாவின் முழங்கால் வலியைத் தவிர எல்லாம் சுகம். போனில் சொல்ல வாய் வராத ஒன்றை எழுதுகிறேன், கோபிக்காமல் கடைசி வரை வாசி.

போன பெருநாளுக்கு நீ கண்டியில் வாங்கி வந்த இரண்டு கோப்பிக் கன்றுகளில் ஒட்டுக்கன்றை அஸீபா சாச்சிக்கும் சும்மா கன்றை எனக்கும் தந்தாய். சாச்சிட வளவு உவர், வேற இனத்து வேரில ஒட்டினது எண்டால் அங்கயும் சமாளிக்கும், உங்களுக்கு நல்ல தண்ணிக் கிணறு இருக்குத்தானே உம்மா என்றாய். எனக்கு அது ஏறவில்லை. அகதியாக இருந்த புத்தளத்திலிருந்து நாங்கள் வீடு கட்ட ஊர் திரும்பியபோது உன்னை ஏழு வருடம் அங்கேயே தன்னோடு வைத்துப் படிப்பித்தவள் என் தங்கச்சி, நல்லது அவளுக்குத்தான் போகும் என்று நினைத்தேன். பொறாமைதான் மகள், மறைத்து என்ன. என் கன்று நரம்பு மட்டும் பச்சையாக, இலையெல்லாம் மஞ்சளாக நின்றது. கூடை கூடையாக ஆட்டுப் பசளை போட்டேன். சத்து மண்ணில கிடக்கு உம்மா, அந்த வேருக்கு எடுத்து மேல அனுப்ப ஏலாது, இன்னும் போடாதேங்கோ என்றாய். அவளுடையதோ அதில் பாதிப் பசளைக்குக் கரும்பச்சை. அங்கே போனால் அது கண்ணில் படாமல் கதிரையைத் திருப்பிப் போட்டுத்தான் இருப்பேன்.

புத்தளத்தில் இருக்கும் தன் மருமகளின் பிள்ளைப்பேற்றுக்கு அவள் போய் நாலு மாதம் நின்றாள், தண்ணீர் ஊற்ற என்னிடம் சொன்னாள். ஒட்டுக்குக் கீழ துளிர் வந்தால் கிள்ளிப்போடுங்கோ ராத்தா, விட்டால் வேர் எடுக்கிறதெல்லாம் அதுக்குத்தான் போகுமாம், பிள்ளை சொன்னது என்று இரண்டு தரம் சொன்னாள். பிள்ளை சொன்னதாம். எனக்கு ஏன் நீ சொல்லவில்லை? துளிர் வந்தது, கண்டேன், கிள்ளவில்லை. தண்ணீர் மட்டும் ஒழுங்காக ஊற்றினேன். அவள் வரும்போது கீழ்த்துளிர் ஒரு முழம் வளர்ந்திருந்தது, மேற்கன்று கருகிவிட்டது. மேல் கருகின பிறகுதான் அது துளிர்த்தது என்று நினைத்தாளோ, என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை மகள். பக்கத்தில் குந்தியிருந்து, என்ட வளவு உப்புத்தான் ராத்தா, நீங்க இவ்வளவு பாடுபட்டும் நிக்கேல்ல, பிள்ளைக்கு என்னெண்டு சொல்லுவன் என்று அழுதாள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், உண்மையைச் சொல்லவில்லை. மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை.

வரும் பெருநாளுக்கு ஓர் ஒட்டுக்கன்று வாங்கி வா, எனக்கில்லை, அவளுக்கு. அதை நட்டுக் கொடுத்துவிட்டு நானே அவளிடம் சொல்வேன், அதுவரை நீ வாய் திறக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. அல்லாஹ் உன் கைவேலையில் பரக்கத் செய்வானாக. ஒன்றை மறக்காதே, பஸ்ஸால் இறங்கியதும் முதலில் என் வீட்டுக்கு வா, பிறகு அவளிடம் போகலாம்.

உன் உம்மா
கைருன்னிசா