ஆறு துளைத் தகடு

தம்பி,

நீ வீட்டை விட்டுப் போன பிறகு எழுதும் முதல் கடிதம். நகை விஷயமாகத்தான்.

அப்பாவின் சாம்பலோடு, விபத்தில் முறிந்த காலுக்குள் வைத்திருந்த டைட்டானியம் தகட்டையும் கொடுத்தார்கள். பழைய குழாய், உடைந்த வெள்ளிக் கரண்டி என்று எதையும் உருக்கி நகை செய்கிறவள் நான். இது மட்டும் என் தீக்கு மசியவில்லை, நீலமானதோடு சரி. கடைசியில் ஆறு திருகாணித் துளைகளிலும் வெள்ளிக் கம்பி கோத்துப் பதக்கமாக்கினேன்.

கண்காட்சியில் ஒவ்வொரு நகைக்கும் கீழே, உலோகம் எங்கிருந்து வந்தது என்று அட்டை வைக்க வேண்டும். நாலு அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

அம்மா பதக்கத்தைத் தடவிப் பார்த்து, "உன் தம்பி ஒழுங்கா வண்டி ஓட்டியிருந்தா இது எதுக்கு?" என்றாள். நான் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. விபத்தன்று ஆஸ்பத்திரியில் அப்பா உன்னிடம், "அக்காவுக்கு லைசென்ஸ் இல்லடா, நீ ஓட்டினதா சொல்லிடு" என்றபோதும் அப்படித்தான் நின்றேன்.

என் கையெழுத்து கோழி கிறுக்கியதுபோல இருக்கும், உனக்குத் தெரியுமே. அதனால் ஐந்தாவது அட்டையை அம்மாவை எழுதச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல எழுதினாள்:

"அப்பாவின் காலில் இருந்தது. அன்று வண்டி ஓட்டியது மகள்."

பேனாவை மூடினாள். உன் விலாசம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

அக்கா