ஆனையிறவை நீந்திக் கடந்தவர்கள்

1987 மார்ச் 8, ஞாயிறு

இன்று மூன்று கேஸ் எழுதினேன். அகதி மனு எழுத ஆள் தேடி கார் து நோர் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறவன் லா சப்பல் கடைத்தெருவில் கேட்கிற முதல் பெயர் என்னுடையது: தவரத்தினம். இரண்டாவது பெயர் என்று ஒன்று இல்லை. நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனாலும் என் எழுத்தை வாசித்து ஓர் அதிகாரி மேசையில் தலை வைத்து அழுததாகக் கேள்வி. கேள்வி என்ன, உண்மைதான்.

ஃபொபூர் சேன்-தெனி தெருவில் உள்ள தேத்தண்ணிக் கடையில் ஆட்கள் தப்பி வந்த கதையைச் சொல்வார்கள்; நான் தமிழில் எழுதுவேன். புதுச்சேரிக்காரர் ஸ்ரனிஸ்லாஸ், தபால் கந்தோரில் வேலை செய்து பென்சன் எடுத்தவர், அதைப் பிரெஞ்சாக்குவார். அவர் பாஷையை மாற்றுகிறவர். உயிர் கொடுப்பது நான்.

நாளைக்கு என் சொந்த மருமகளின் கேஸ். அக்காவின் மகள் சாரதாதேவி. போன மாதம் வந்தாள். மாற்றிக் கட்ட ஒரு சேலைகூட இல்லாமல், ஒரு கைப்பையோடு. அறையை அவளுக்கு விட்டுவிட்டு நான் குசினியில் படுக்கிறேன்.

மார்ச் 9

ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டாள். போன கார்த்திகையில் புருசன் மகேந்திரராசாவோடு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறினாள். மாங்குளம் தாண்டி ஒரு சென்றியில், சோதனைச் சாவடியில், ஆமி மறித்தது. எல்லோரையும் வரிசையில் விட்டார்கள். ஆமிக்கு ஆள் காட்டிக் கொடுக்கிற, முகத்தை மூடிய தலையாட்டி ஒருவன் மகேந்திரராசாவைக் கண்டதும் தலையை ஆட்டினான்.

"இவரை மறிச்சுப் போட்டாங்கள், மாமா. பஸ் வெளிக்கிட்டுது."

பிறகு? பிறகு ஒன்றுமில்லையாம். நீ கத்தவில்லையா, காலில் விழவில்லையா என்று கேட்டேன். இல்லையாம்.

இந்த இரண்டு வரியைக் கொண்டுபோனால் பிரெஞ்சுக்காரன் கொட்டாவி விடுவான்.

மார்ச் 10

எட்டுப் பக்கம் எழுதிவிட்டேன்! ஆமிக்காரனின் காலைப் பிடித்துக் கதறுகிறாள். துவக்குப் பிடியால் அடி. எழும்பி ஓடி, ஆனையிறவுக் கடலில் குதித்து, பின்னால் வெடிச் சத்தம் கேட்கக் கேட்க மூன்று மைல் நீந்துகிறாள். சென்றியை மாங்குளத்திலிருந்து ஆனையிறவுக்கு நகர்த்த வேண்டியிருந்தது. தண்ணீர் அங்கேதானே இருக்கிறது.

அந்த நீச்சல் என் கைராசி. அதைப் போட்டு அனுப்பிய கேஸ் ஒன்றும் தோற்றதில்லை.

வாசித்துக் காட்டச் சொன்னாள். உனக்கேன் அது, அங்கே என்ன கேட்டாலும் ஓம் சொல்லு என்றேன்.

ஏப்ரல் 23

விசாரணை. நான் தெருவில் நின்றேன். இருபது நிமிடத்தில் வெளியே வந்தாள். கெட்டிக்காரி, என் இரத்தம் என்று நினைத்தேன்.

மெட்ரோவில் வைத்துத்தான் சொன்னாள். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்டார்களாம்.

"எந்தத் தண்ணி எண்டு கேட்டன். எனக்கு நீந்தத் தெரியாது எண்டும் சொன்னன்."

மே 19

மறுத்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதிலும் தோற்றால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். எங்கே போவாள்? அதே பாதையால் திரும்பியா?

இதே நீச்சல் வேறு கோப்புகளிலும் காணப்படுவதாகக் கடிதத்தில் இருக்கிறதாம். வாசித்த ஸ்ரனிஸ்லாஸ் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"நீங்க சொன்னதை அப்படியே போட்டேன் அண்ணே. ஆனா அந்தத் தண்ணியை நான் இதுவரைக்கும் பிரெஞ்சுல ஆறு தடவை நீந்திட்டேன். எனக்கே கை வலிக்குது."

நான் சிரிக்கப் பார்த்தேன். சாரதாதேவி சிரிக்கவில்லை.

மே 20

என்னோடு பேசுகிறாள் இல்லை.

மே 26

வழக்குப் பேசுகிற அவக்காத் சுசான் என்ற வெள்ளைக்காரப் பெண்ணிடம் போனோம். கடதாசியை மூடி வைத்துவிட்டு, நடந்ததைச் சொல்லு என்றா. சாரதாதேவி சொன்னாள். ஸ்ரனிஸ்லாஸ் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஒரு ஓரக் கதிரையில்.

பஸ்ஸில் இருவரும் வேண்டுமென்றே தள்ளித் தள்ளி இருந்திருக்கிறார்கள். ஒருவர் பிடிபட்டால் மற்றவர் போய்விட வேண்டும் என்பது மகேந்திரராசாவின் ஏற்பாடு. ஆனால் உடுப்பு எல்லாம் ஒரே பையில். தலையாட்டி காட்டியதும் ஆமிக்காரன் மகேந்திரராசாவின் கையில் இருந்த அந்தப் பையைக் கொட்டினான். இரண்டு சேலை விழுந்தன. அவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இது யாருடையது என்று ஒவ்வொரு பெண்ணாகக் கேட்டுக்கொண்டு வந்தான். இவளிடம் வந்தான். மகேந்திரராசா தள்ளி நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ரை இல்லை எண்டன். இந்த ஆளை ஆரெண்டே தெரியாது எண்டன்."

ஸ்ரனிஸ்லாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அதைப் பிரெஞ்சில் சொன்னார்.

"கத்தியிருந்தா என்னையும் மறிச்சிருப்பாங்கள். கத்தேல்லை. பஸ் வெளிக்கிடேக்கை திரும்பிப் பாக்கவும் இல்லை." அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "அதைத்தான் மாமா, நான் கத்தினனான் எண்டு எழுதிப்போட்டீங்கள்."

சுசான் சொன்னது: இந்தக் கதைதான் போக வேண்டும். ஆனால் முதல் கதையைக் கட்டியது தான்தான் என்று அதை எழுதிய ஆள் கையெழுத்துப் போட்டுத் தராவிட்டால், இவள் இரண்டு முறையும் பொய் சொன்னதாக ஆகிவிடும். கையெழுத்துப் போடுகிற ஆளின் கோப்பையும் திறந்து பார்க்கக்கூடும்.

ஜூன் 2

இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை.

அந்தத் தண்ணீரை முதலில் நீந்தியது ஆர்? நான்தான். அகதியாக இங்கே இருக்கிறதுக்கான என் கார்த் அந்த நீச்சலில் கிடைத்தது.

இங்கேயாவது ஒருதரம் எழுதிவிடுகிறேன். நான் வெளிக்கிட்டது 1980. யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் யன்னலோரம் இருந்து கச்சான் தின்றுகொண்டு கொழும்புக்குப் போனேன். பாதி வழி நித்திரை. ஒருவரும் மறிக்கவில்லை. நான் இந்த வயதுவரை ஒரு சென்றியைக் கண்டதில்லை. தலையாட்டியைக் கண்டதில்லை. கண்டவர்கள் என் முன்னால் இருந்து சொல்லச் சொல்ல, காணாது, இது போதாது என்று கூட்டி எழுதியிருக்கிறேன்.

கார்த்தைப் பறித்தால்? ஏழு வருசம் ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவிய கை இது. அண்ணை, அண்ணை என்று வருகிறவர்களின் முகத்தில் எப்படி முழிக்கிறது? அவள் சின்னப் பிள்ளை, சமாளிப்பாள்— என்னத்தைச் சமாளிப்பாள். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 11

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நாலு முறை எழுத வேண்டி வந்தது. முதலாவதில் யாரோ என்னை மிரட்டி எழுத வைத்ததாக வந்துவிட்டது. எங்கிருந்து வந்ததோ தெரியாது. கிழித்தேன். இரண்டாவதில் எனக்குக் காய்ச்சல் என்று ஒரு சாட்டு. கடைசியில் ஐந்து வரி. நீச்சல் என் கற்பனை. அவளுக்கு அது தெரியாது. என் மனுவிலும் அதே பொய்தான்.

"கடைசி வரி வேணுமாண்ணே? அவங்க அதைக் கேக்கலையே" என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

"போடுங்கோ."

ஓகஸ்ட் 16

கடையில் என் மேசைக்கு ஒருவரும் வருவதில்லை. இன்று அற்புதமலர் வந்தா, நான் நீச்சல் எழுதிக் கொடுத்த ஆறு பேரில் ஒருத்தி. நான் அவவின் பெயரை எங்கும் சொல்லவில்லை. ஆனால் அந்த நீச்சல் அவவின் கோப்பிலும் கிடக்கிறதே.

"உங்கடை மருமகளைக் கரை சேர்க்க எங்களைத் தண்ணிக்குள்ளை தள்ளிப்போட்டீங்களோ, அண்ணை?"

கடை முழுக்கக் கேட்டது.

1988 பெப்ரவரி 12

மேல்முறையீட்டு விசாரணை. என்னையும் உள்ளே விட்டார்கள். மூன்று பேர் முன்னால் இருந்தார்கள். சேலையின் நிறம் என்ன என்று ஒருவர் கேட்டார். ஒன்று மாம்பழ மஞ்சள், மற்றது என்ன நிறமென்று ஞாபகமில்லை என்றாள். நான் என்றால் ஒரு நிறம் சொல்லியிருப்பேன்.

மார்ச் 29

ஏற்றுக்கொண்டார்கள். ஊரிலிருந்து அக்காவின் கடிதமும் வந்தது. மகேந்திரராசாவைப் பற்றி எந்த முகாமிலும் தகவல் இல்லை. இரண்டு கடதாசியையும் அவள் ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து வைத்தாள்.

மே 17

அவளுடைய கார்த்துக்காகப் பிரிபெக்தூர் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் கார்த் இப்போது என்னிடம் இல்லை. விசாரித்து முடியும்வரை மூன்று மாதக் கடதாசி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் படிவம் நிரப்பினா. கணவர் பெயர்? சாரதாதேவி ஒவ்வொரு எழுத்தாகப் பிரெஞ்சில் சொன்னாள். எப்போது பழகினாளோ. பெட்டிக்குள் இடம் போதாது, சுருக்கி எழுதலாமா என்று அந்தப் பெண் கேட்டா.

"முழுக்க எழுதச் சொல்லுங்கோ, மாமா."

சொன்னேன். மிச்ச எழுத்துகளைப் பெட்டிக்குக் கீழே எழுதினா. கணவர் இப்போது எங்கே என்று கேட்டா. சாரதாதேவி என்னைப் பார்த்து, மெதுவாக, மாங்குளம் தாண்டி ஒரு சென்றியிலே கடைசியாகக் கண்டது, அதற்குமேல் தெரியாது என்று சொல்லச் சொன்னாள்.

அதை மட்டும் சொன்னேன்.